துவக்குக்கு ஒரு கண்ணாடி

ஓல்போர்க்
டென்மார்க்
02.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இதைக் கிழிக்காமல் கடைசிவரை வாசிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன ஞாயிறு நான் வேட்டைத் துவக்கு என்ற சொல்லைச் சொன்னதும் நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். மறுபடி எடுத்தபோது மச்சாள்தான் கதைத்தார். "அவர் இப்ப கதைக்கிற நிலையில இல்லை சுஜா. எழுதிப் போடு. எழுத்தெண்டா வாசிப்பார்" என்றார். மச்சாள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்க விடாததை முதலில் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் கார்த்திகை மாதம், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை முடித்து வரும் வழியில் மான் ஒன்று என் காரில் அடிபட்டது. இங்கே வயல் ஓரமெல்லாம் திரியும் சின்ன ஜாதி மான். முதுகெலும்பு முறிந்து வீதியோரம் கிடந்தது. முன்னங்கால் இரண்டும் எழும்பப் பார்த்தன, பின்பக்கம் அசையவில்லை. பொலிசுக்கு அறிவித்தேன். ஆள் வரும்வரை என் ஜக்கற்றை அதன்மேல் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருடமாகக் குழாய் குழாயாக இரத்தம் பார்த்தவள் நான். அன்றைக்கு என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பென்ட என்று ஒரு பெண் நாயோடு வந்தார். காயப்பட்ட மான்களைத் தேடிப் பிடிப்பதற்கென்று பதிவு செய்தவர். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு வெடி. மான் அடங்கிவிட்டது. "நீங்க பக்கத்தில இருந்தது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாரி முழுக்க யோசித்தேன். அடுத்த மாரியில் வேட்டை அனுமதிக்கான வகுப்புக்குப் போனேன். சோதனை பாஸ். பொலிஸ் அனுமதியும் வந்தது. என்னோடு வேலை செய்யும் கிர்ஸ்டனின் குடும்பத்துக்கு ஹட்சுண்ட் பக்கம் வயலும் சின்னக் காடும் உண்டு. அங்கே என்னையும் சேர்த்திருக்கிறார்கள். துவக்கு வாங்கி இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். குழல் வாய் ஆறரை மில்லிமீற்றர். உதைப்பு அதிகமில்லை.

அது இப்போது மொட்டையாக இருக்கிறது. மேலே பூட்டும் தூரக்கண்ணாடி, முன்னால் தாங்கி நிற்கும் இரண்டு கால், பிறகு உள்ளே போட்டுச் சுடும் ரவை. மூன்றும் தெரிவுசெய்ய வேண்டும். கால்களையும் ரவையையும் நானே பார்த்துக்கொள்வேன். கண்ணாடி விஷயத்தில் நம் குடும்பத்தில் உங்களை விட்டால் யாரிடம் கேட்பது? இருபது வருடமாகக் கடற்கரையில் நின்று வாத்தையும் கொக்கையும் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

துவக்குக்குச் சம்மதம் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மட்டும் ஒரு வார்த்தை.

உங்கள் தங்கச்சி,
சுஜாந்தினி


ஹ்விடோவ்ரே
15.03.2025

சுஜா,

வாசித்தேன். கிழிக்கவில்லை. அதை வைத்து நான் இளகிவிட்டேன் என்று எண்ணாதே.

மானுக்கு இரங்கித் துவக்கு வாங்கினேன் என்கிறாய். இரக்கப்படுகிறவள் மெதுவாகக் கார் ஓட்டலாமே. துவக்கைக் கையில் எடுத்த ஒவ்வொருவனும் நல்ல காரணம்தான் சொன்னான். நம் மன்னார் வீதியால் போனவர்கள் எத்தனை பேர், எத்தனை காரணம். நம் செல்வரட்ணத்தைச் சுட்டது எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தானுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். செல்வத்துக்குப் பத்தொன்பது வயது. கடைக்குப் போய் வந்தவன்.

உனக்கு அப்போது ஏழு வயது. உனக்கு ஒன்றும் ஞாபகமிராது. அதனால்தான் உன்னால் கடைக்குள் போய் அந்தச் சாமானைத் தூக்கிப் பார்த்து வாங்க முடிகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். புதுவருட இரவில் இவர்கள் வெடி கொளுத்தத் தொடங்கினால் இன்றைக்கும் குளியலறைக்குள் போய்க் குந்தியிருக்கிறவன். உன் மச்சாள் விக்ரோரியா வெடிச்சத்தம் கேளாமல் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

அது உன் வீட்டில் இருக்கும்வரை நான் உன் வீட்டு வாசலுக்கு வரமாட்டேன். உயிர்த்த ஞாயிறுக்கும் வரமாட்டேன். இதுதான் என் ஒரு வார்த்தை.

குருசு அண்ணை

பி.கு. கடைக்காரன் இருபத்தைந்து மடங்கு கிட்டக் காட்டும், முப்பது மடங்கு காட்டும் என்று உனக்கு எதையாவது தலையில் கட்டுவான். வாங்கிவிடாதே. பெருக்கம் கூடக்கூட வெளிச்சம் குறையும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.


ஓல்போர்க்
23.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

முதலில் உங்கள் பின்குறிப்புக்கு நன்றி. மற்றதற்குக் கோபம்.

எனக்கு ஞாபகமிராது என்று நீங்கள் சொல்வது இது எத்தனையாவது தடவை? அந்த நாளை உங்கள் சொந்தக் காணி போல வேலி போட்டு வைத்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? அவன் எனக்கும் அண்ணன்தான்.

இனிக் கடைக் கதை. நீங்கள் சொன்னபடியே நடந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன், ஆனால் என்னைக் கண்டதும் மேசையில் வைத்தது என் முழங்கை நீளத்தில் ஒன்று. அதில் ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் உள்ளதைச் சுடலாமாம்.

"நான் நூறு மீற்றருக்கு மேல சுட நினைக்கேல்லை" என்றேன்.

"இப்ப நினைக்கமாட்டீங்க. பிறகு ஆசை வரும்."

"அந்த ஆசை வராமல் இருக்கத்தான் சின்னனாக் கேக்கிறன்."

சிரித்துவிட்டு வேறு இரண்டை எடுத்தார். ஒன்று முன்கண்ணாடி ஐம்பத்தாறு மில்லிமீற்றர், பாரமானது. மற்றது மூன்றிலிருந்து பன்னிரண்டு மடங்கு, முன்கண்ணாடி ஐம்பது. விடியலிலும் கருக்கலிலும் ஐம்பத்தாறுதான் வெளிச்சம் என்று அவர் அடித்துச் சொல்கிறார். ஐம்பது போதும் என்கிறாள் கிர்ஸ்டன். நான் மூக்குக்கண்ணாடியும் போடுகிறவள். எதை எடுப்பது?

காலுக்கு வந்தால், கட்டையான கால் படுத்துச் சுட நல்லது. ஆனால் வைகாசியில் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிடும், படுத்தால் புல்லைத்தான் பார்ப்பேன். அதனால் இழுத்து நீட்டக்கூடிய நெடுங்கால் ஒன்றை எடுத்துவிட்டேன். துவக்கின் மூக்குப் பாரமாகிவிட்டது. பழக வேண்டும்.

ரவைதான் சிக்கல். ரவையிலிருந்து பாயும் ஈயச் சன்னம் இந்த நாட்டில் வேட்டைக்கு இப்போது தடை. மானைத் தின்னும் கழுகுக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. எல்லாம் செம்பு. செம்பு ஈயத்தைப் போல நொறுங்காது. வேகமாகப் போனால்தான் உள்ளே விரியும். "பூப்போல விரியும்" என்று கடைக்காரர் ஒன்றை வெட்டிக் காட்டினார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு வகைப் பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். எது இந்தத் துவக்குக்கு ஒத்துவரும் என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரியுமாம்.

வாசலுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பதில் போடுங்கள்.

சுஜா


ஹ்விடோவ்ரே
06.04.2025

சுஜா,

ஐம்பதை எடு.

முன்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது உன் கண்ணில் விழும் ஒளிவட்டத்தின் அகலம். ஐம்பத்தாறில் எட்டு மடங்கு வைத்தால் ஏழு மில்லிமீற்றர். இருபது வயதுக்காரனுடைய கண்மணி இருட்டில் ஏழுக்கு விரியும். உனக்கு நாற்பத்துநாலு. ஆறு விரிந்தாலே பெரிது. மிச்ச வெளிச்சம் உன் கன்னத்தில் விழுந்து வீணாகப் போகும். அதற்காக ஏன் பாரம் சுமக்கிறாய்?

கடைக்குள் நின்று பார்த்து வாங்காதே. குழல்விளக்கின் கீழ் எல்லாக் கண்ணாடியும் நல்லதுதான். பொழுதுபடும் நேரம் வெளியே கொண்டுபோய், தூரத்தில் ஒரு மரத்தின் அடிப்பக்கத்து நிழலைப் பார். நிழலுக்குள்ளே கொப்பு வேறு இலை வேறு என்று பிரித்துக் காட்டுகிறதா என்று பார். நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் வகை என்றால், அதை மிக மங்கலாகக் குறைக்க முடிகிறதா என்று பார். பிரகாசமான புள்ளி மானையே மறைத்துவிடும். மூக்குக்கண்ணாடியோடு கன்னத்தை வைத்து, கண்ணுக்கும் குழாய்க்கும் இடையே நாலு விரல் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் உதைக்கும்போது புருவம் வெடிக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். திரும்ப எடுக்கிறேன்.

ரவையைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் எனக்கு ஒரு கேள்வி. இதை வேறு யாரிடமும் கேட்க முடியாது. பாதரிடம் கேட்க முடியாது, டொக்டரிடம் கேட்டால் என்னை வேறு விதமாகப் பார்ப்பார்.

சன்னம் உள்ளே போனால் அந்த உயிருக்கு எவ்வளவு நேரம் தெரியும்?

செல்வம் அந்த இடத்திலேயே போய்விட்டான் என்று அம்மா எல்லோருக்கும் சொன்னா. கனடாவில் உள்ள சொந்தக்காரர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். அப்படி இல்லை சுஜா. அவன் விழுந்தது நம் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில். எழும்பி நடந்தான். இருந்தான். திரும்ப எழும்பினான், திரும்ப நிலத்தில் இருந்தான். மதில் ஓட்டையால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வீதியில் தலைகாட்டியவர்கள் எல்லோருக்கும் சூடு விழுந்தது. ஒருவராலும் போக முடியவில்லை.

நீ வகுப்பில் படித்திருப்பாய். சன்னம் எங்கே பட்டால் எவ்வளவு நேரம் என்று சொல்லித்தந்திருப்பார்கள். எனக்கு எழுது. மழுப்பி எழுதாதே.

அண்ணை


ஓல்போர்க்
21.04.2025
உயிர்த்த திங்கள்

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். இரண்டு கிழமை பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை.

கேட்டதற்குப் பதில். நெஞ்சாங்கூட்டில், இதயமும் சுவாசப்பையும் சேரும் இடத்தில் பட்டால் இரத்த அழுத்தம் உடனே விழுந்துவிடும். மூளைக்கு இரத்தம் போகாது. சில நொடி. ஓடினாலும் அது தெரிந்து ஓடுவதில்லை என்கிறார்கள். அதற்குப் பின்னால் ஈரலில் பட்டால் நேரம் எடுக்கும். வயிற்றில் பட்டால் இன்னும் கூட. மணிக்கணக்கு. வலி எப்படி என்று யாரும் திடமாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மழுப்ப வேண்டாம் என்றீர்கள்.

இனி நான் ஒன்று சொல்கிறேன். அம்மா சொன்னதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. வெடி கேட்டது காலையில். குசினிக் கதவை நீங்களும் அப்பாவும் பிணைச்சலோடு கழற்றிக்கொண்டு போனது விளக்கு வைக்கும் நேரம். அந்தக் கதவில் வைத்துத்தான் அவனைக் கொண்டுவந்தீர்கள். செத்தவீடு முடிந்து அதே கதவைக் கழுவித் திரும்ப மாட்டினீர்கள். டென்மார்க்குக்கு வரும்வரை நான் அதைத் திறந்துதான் பள்ளிக்கூடம் போனேன். கைப்பிடியைத் தொடாமல், காலால் தள்ளித் திறப்பேன். அம்மா அதற்கு ஏசுவா. ஏன் என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

காலையிலிருந்து பொழுதுபடும்வரை என்ன நடந்திருக்கும் என்று ஏழு வயதிலேயே நான் கணக்குப் பார்த்துவிட்டேன். மதில் ஓட்டையில் நின்றவர்கள் நீங்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியது நல்லது.

கண்ணாடி ஐம்பதையே எடுத்தேன். பொழுதுபட வெளியே கொண்டுபோக விட்டார்கள். புங்கை போல ஒரு மரத்தின் நிழலுக்குள் சாம்பல் பூனை ஒன்று படுத்திருப்பதைக் கண்டேன். வெறுங்கண்ணுக்கு அது தெரியவில்லை. ஐம்பத்தாறிலும் அதே பூனைதான், அதே அளவு வெளிச்சம்தான்.

நாலு வகை ரவையையும் சுடுமைதானத்தில் பார்த்தேன். முதல் பெட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதில் விழுந்த ஓட்டைகளை ஒரு குத்திக் காசால் மூடலாம். கொஞ்சம் பாரம் குறைந்த, வேகமான சன்னம். நாலாவதைப் பார்க்கவே இல்லை, மூன்றாவதையே எடுத்துவிட்டேன். தூரம் எண்பது மீற்றர் என்று எனக்குள் எல்லை வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் சுடமாட்டேன்.

ஆண்மான் வேட்டை மே பதினாறில் தொடங்குகிறது. அந்தக் கிழமை நீங்களும் மச்சாளும் வந்து நிற்பீர்களா? வேட்டைக்கு இல்லை. வீட்டில் ஆள் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

சுஜா


ஹ்விடோவ்ரே
04.05.2025

சுஜா,

கதவைப் பற்றி எழுதியிருந்தாய். விக்ரோரியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

பதினாறாம் திகதி வரமாட்டேன். என்னால் முடியாது, கோபமில்லை. போய்விட்டு வந்து என்ன நடந்தது என்று எழுது. நல்லதென்றாலும் எழுது, கெட்டதென்றாலும் எழுது. எனக்காக ஒன்றையும் மாற்றாதே.

அண்ணை


ஓல்போர்க்
17.05.2025

அண்ணை,

மாற்றாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நேற்று விடிய முன்னரே கிர்ஸ்டன் வீட்டு வயலோரம் போய்க் குந்திவிட்டேன். அவள் காட்டுக்கு அந்தப் பக்கம். பனி புல்லையெல்லாம் நனைத்திருந்தது. புல் உயரம் என்பதால் துவக்கின் கால்களை முழு நீளத்துக்கு இழுத்து விட்டிருந்தேன். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் ஆண்மான் ஒன்று மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. என் எல்லைக்கு உள்ளே. பின்னால் மண்மேடு, பாதுகாப்பு. பக்கவாட்டில் திரும்பி நின்று மேய்ந்தது. கண்ணாடி நன்றாகவே காட்டியது, அண்ணை. காதோரத்து மயிரைக்கூடக் கண்டேன். பிழை கண்ணாடியில் இல்லை.

விசையை அழுத்தத் தொடங்கிய நேரம் துவக்கின் இடதுகால் கீழே போனது. அகழான் எலி கிண்டிய மண். இளகல். மேலே புல் மூடியிருந்ததால் நான் பார்க்கவில்லை. அந்த நொடியில் நிறுத்தியிருக்கலாம். விரல் நிற்கவில்லை. வெடித்துவிட்டது.

மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. முதுகைக் கூனினால் என்ன அர்த்தம் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். பின்னால் பட்டிருக்கிறது.

ஓடிப்போய்த் தேடக் கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். இருந்த இடத்திலேயே இருந்து கிர்ஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன், அவள் பென்டவுக்கு எடுத்தாள். அன்றைக்கு வீதியில் வந்த அதே பென்ட. வந்ததும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "எங்க நிண்டது, எந்தப் பக்கம் ஓடினது?" என்று மட்டும் கேட்டார். மான் படுக்கட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை என்னால் எழுத முடியவில்லை.

பிறகு நாயை விட்டார். தரையில் இரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது, கறுத்த இரத்தம். செப்புச் சன்னம் உடையாமல் நேரே வெளியே போய்விட்டது. நாய் இல்லாவிட்டால் எங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. காட்டைத் தாண்டி, ஈரமான சதுப்புக்குள் போனோம். ஓரிடத்தில் புல் நசுங்கியிருந்தது. "இதில படுத்திருக்கு" என்றார் பென்ட. இன்னும் கொஞ்சத் தூரத்தில் இன்னொரு நசுங்கல். மூன்றாவது இடத்தில் கிடந்தது. செத்திருந்தது. உடம்பு சூடு.

ஈரலில் பட்டிருக்கிறது. நான் முன்பு எழுதியதில் இரண்டாவது வகை.

"எல்லாருக்கும் ஒருநாள் இப்பிடி நடக்கும். கூப்பிட்டீங்களே, அதுதான் முக்கியம்" என்றார் பென்ட. எனக்கு அது ஏறவில்லை. வீதியில் அடிபட்ட மானுக்காகத் துவக்கு வாங்கியவள், வயலில் நின்ற மானை அதே நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கிர்ஸ்டனுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். துவக்கை விற்கப் போகிறேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. அந்த இரண்டு நசுங்கிய இடத்தையும் உங்களுக்கு எழுதாமல் விடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன்.

சுஜா


ஹ்விடோவ்ரே
22.05.2025

அன்புள்ள சுஜா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

எழுதாமல் விட்டிருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன்.

நான் சொன்னதுதான் சரி என்கிறாய். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இரண்டு மாதத்துக்கு முன் நினைத்திருப்பேன். இன்றைக்கு இல்லை. கடிதத்தை வாசித்ததிலிருந்து அந்த நாய்தான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

யோசித்துப் பார். ஒரு மிருகம். அதற்கு ஒரு பேர்கூட இல்லை. அதற்குச் சூடு பிழைத்துவிட்டது என்றதும் ஒரு மனுஷி படுக்கையை விட்டு எழும்பி, நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அது படுத்த ஒவ்வொரு இடத்தையும் கண்டுபிடித்துப் போயிருக்கிறீர்கள். சுட்டவளே கூட நடந்து போயிருக்கிறாள். போய்ச் சேரும்வரை விடவில்லை.

செல்வத்தைச் சுட்டவன் வந்து பார்க்கவில்லை. யாரையும் வந்து பார்க்க விடவும் இல்லை. இத்தனை வருடமும் துவக்கைத்தான் வெறுத்தேன். அது எனக்கு இலேசாக இருந்தது, ஏனென்றால் அதற்கு முகம் இல்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் விளங்குகிறது, எனக்கு ஆறாமல் கிடந்தது வெடி அல்ல. அதற்குப் பிறகு வந்த அந்தப் பகல் முழுவதும்.

இதனால் துவக்கு எனக்குப் பிடித்துவிட்டது என்று எடுக்காதே. பிடிக்காது. ஆனால் கோபத்திலும் வெட்கத்திலும் ஒன்றை விற்பது சரியில்லை. விற்பதென்றால் நிதானமாக இருக்கும்போது வில்.

வருகிற வியாழக்கிழமை ஆண்டவர் விண்ணேறிய திருநாள், வெள்ளியும் எனக்கு லீவு. காலை றெயினில் தனியாக வருகிறேன். விக்ரோரியாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. றெயிலடிக்கு வராதே, நான் பஸ்ஸில் வந்துவிடுவேன். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இளகல் மண்ணையும் பார்க்க வேண்டும்.

அண்ணை


ஓல்போர்க்
06.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டில் உங்கள் தொப்பி கிடக்கிறது. அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

நீங்கள் வந்த அன்று துவக்கு இருந்த அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் "எங்க அது?" என்று நீங்களே கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தொடவில்லை. நான் தொடச் சொல்லவும் இல்லை. 

சுடுமைதானத்தில் இரண்டு காதையும் பொத்தும் மூடியைப் போட்டுக்கொண்டு நீங்கள் எனக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிக் கதிரையில் இருந்தீர்கள். முதல் வெடிக்கு உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது வெடிக்குப் பிறகு "சுஜா, நீ வெடிக்க முன்னமே கண்ணை மூடுறாய்" என்றீர்கள். என் ஆசிரியர் அதைக் கண்டதில்லை. கிர்ஸ்டனும் கண்டதில்லை. அடுத்ததிலும் மூடினேன். பிறகு நீங்கள் சொன்னபடி ரவை போடாமல் வெறுந்துவக்கை அழுத்தி அழுத்திப் பழகினேன். நீங்கள் போன பிறகும் வீட்டில் ஒவ்வொரு நாளும் பழகினேன்.

முன்கால்களைக் கழற்றிவிட்டேன். மேசையில் வைத்துச் சுட அது திறமான சாமான்தான், இந்தப் புல்லுக்கும் இந்த மண்ணுக்கும் சரிவராது. பென்ட தன்னிடமிருந்த நாலுகால் தடி ஒன்றைத் தந்திருக்கிறார். சின்னக் கதிரையில் இருந்து, துவக்கின் முன்னையும் பின்னையும் அதன்மேல் வைத்துச் சுடலாம். கால் எங்கே ஊன்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கதிரையில் இருக்க முன்னர் சப்பாத்தால் மண்ணை மிதித்துப் பார்க்கிறேன்.

துவக்கை விற்பதா விடுவதா என்று ஆனி முழுக்க நிதானமாக யோசித்தேன். விற்கவில்லை.

மூன்று பின்னேரம் போனேன். முதல் நாள் மான் வந்தது, ஆனால் அதன் பின்னால் வீதி. விட்டுவிட்டேன். அடுத்த நாள் புல்லுக்குள் தலை மட்டும் தெரிந்தது. விட்டுவிட்டேன். வெறுங்கையோடு திரும்பி வர எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. கிர்ஸ்டன்தான் "உனக்கு எப்பதான் சரிவரும்?" என்று பகிடி பண்ணினாள்.

நேற்று முன்தினம் வந்தது. கிட்ட, கல்லெறியும் தூரம். பக்கவாட்டாக நின்றது. கண்ணாடியில் பெருக்கத்தை ஐந்தாகக் குறைத்து வைத்திருந்தேன். புள்ளி தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. கண்ணை மூடவில்லை. விழுந்ததைக் கண்ணாடிக்குள்ளேயே கண்டேன். நின்ற இடத்தில் விழுந்தது, கால் இரண்டு தரம் உதறியது, தலையைத் தூக்கவில்லை. வாயில் புல் அப்படியே இருந்தது.

கிர்ஸ்டன் வரும்வரை அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதினால் பொய்.

இறைச்சியைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், கோபிக்கமாட்டேன்.

சுஜா


ஹ்விடோவ்ரே
13.07.2025

அன்புள்ள சுஜாவுக்கு,

வாயில் புல் அப்படியே இருந்தது என்று எழுதியிருந்தாயே. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிறகு வெளியே போய்க் கடற்கரை மேட்டில் நடந்துவிட்டு வந்தேன். மனம் பாரமாக இருக்கவில்லை.

இறைச்சி வேண்டும். தொடைப் பக்கத்தை மிளகு போட்டுப் பிரட்டலாமா, பால் விட்டுக் கறி வைக்கலாமா என்று இப்போதே விக்ரோரியா ஆட்களிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். ரண்டர்ஸில் இருக்கும் அவள் சினேகிதி, மான் இறைச்சிக்கு இஞ்சி கூடப் போட வேண்டும் என்றாளாம். நான் சாப்பிடுவேனா என்று இன்னும் எனக்குத் தெரியாது. மேசையில் இருப்பேன்.

ஓகஸ்ட் இருபத்துநாலு ஞாயிற்றுக்கிழமை, செல்வத்துக்குப் பூசை சொல்லியிருக்கிறேன். இவ்வளவு காலமும் அவன் போன அந்த நாளில் நான் மட்டும் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவேன். உனக்குச் சொல்லவே இல்லை. இந்த முறை பெயரைச் சத்தமாக வாசிக்கும்படி பாதரிடம் சொன்னேன். செல்வரட்ணம், குருசுமுத்துவினதும் சுஜாந்தினியினதும் சகோதரன் என்று.

பூசை முடிந்து வீட்டுக்கு வருவோம். மதில் ஓட்டையிலிருந்து நான் கண்டதை உனக்கு முதலிலிருந்து சொல்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கத்தில் நின்று நீ கண்டதை எனக்குச் சொல். விக்ரோரியாவும் இருக்கட்டும், அவளும் இதோடு முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

திங்கட்கிழமைக்கும் லீவு எடுத்துக்கொண்டு வா. ஒரு பின்னேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை.

அண்ணை